நோயாளியின் கடன் என்ன விலை?

நூறு டாலர் கடன், ஒரு டாலருக்கு! அமெரிக்காவிலே இப்படி ஒரு சந்தை நடக்கிறது. விற்பனைக்கு வருவது கத்தரிக்காயோ வெண்டைக்காயோ அல்ல. காய்ச்சலில் படுத்தவன், கால் முறிந்தவன், பிள்ளை பெற்றவள் — இவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தரவேண்டிய பாக்கி, கட்டுக் கட்டாக விலை போகிறது. இனி வசூலாகாது என்று ஆஸ்பத்திரி கைகழுவிய கணக்கை, வசூல் கம்பெனிக்காரன் அற்ப விலைக்கு வாங்குகிறான். வாங்கிய மறுநாளே முழுத் தொகையையும் கேட்டு நோயாளியின் கதவைத் தட்டுகிறான். ஒரு டாலர் போட்டவன் நூறு டாலர் கேட்கிறான். கோர்ட்டும் அவன் பக்கம், சட்டமும் அவன் பக்கம்!

சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய சீமை அது. அங்கே மக்கள் தலையில் நிற்கும் மருத்துவக் கடன் சுமார் 22,000 கோடி டாலர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாதவன் மட்டும்தான் கடன்பட்டான் என்று எண்ணவேண்டாம். இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவனும் படுகிறான். மாதந்தோறும் பணம் கட்டியவனிடம், “முதல் சில ஆயிரம் டாலர் உன் பொறுப்பு, அதற்குமேல்தான் எங்கள் பொறுப்பு” என்கிறது கம்பெனி. அந்த முதல் சில ஆயிரத்திலேதான் குடும்பம் கவிழ்கிறது.

இந்தச் சந்தைக்குள் புகுந்து, கடனை வாங்கிக் கிழித்துப் போட்டால் என்ன என்று முதலில் எண்ணியவர்கள் யார் தெரியுமா? வசூல் தொழிலிலேயே இருந்த இருவர்! 2014இல் அவர்கள் ஒரு தரும ஸ்தாபனம் கண்டனர். சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுண்டி, 2022இல் பொதுப் பணத்தையே இதற்கு ஒதுக்கியது. பிறகு மாநிலங்கள் வந்தன. கனெக்டிகட் வந்தது, நியூ ஜெர்சி வந்தது. 2024இல் இல்லினாய் மாநிலம் சட்டமே இயற்றி, ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. ஏழ்மைக் கோட்டைப்போல் நான்கு மடங்கு வரை வருமானம் உள்ளவர்கள், அல்லது வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் மருத்துவக் கடன் உள்ளவர்கள் — இவர்களுக்கு விடுதலை. மனுப் போடவேண்டியதில்லை, சிபாரிசுக்கு அலையவேண்டியதில்லை. ஒருநாள் தபால் வரும்: உன் கடன் தீர்ந்தது என்று.

நல்ல காரியம். பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டிவிட்டுப் படுத்துறங்க நம்மால் முடியவில்லை.

2024இல் பொருளாதாரப் பேராசிரியர்கள் சிலர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 83,000 பேருக்கு மேற்பட்டவர்களின் கடனை இப்படித் தீர்த்து, பிறகு அவர்கள் வாழ்வைக் கவனித்திருக்கிறார்கள். மனக்கவலை குறைந்ததா? சராசரியாகப் பார்த்தால் இல்லை. பண நிலை உயர்ந்ததா? பெரிதாக இல்லை. உடனே சிலர், “பார்த்தீர்களா, ஏழைக்கு உதவுவது வீண்” என்று கிளம்பினார்கள். வீணா? எந்தக் கடன் ஐயா அங்கே தீர்க்கப்பட்டது? ஆண்டுக்கணக்கில் கிடந்து, வசூல்காரனே பாதி மறந்துவிட்ட பழங்கடன்! அடி வாங்க வேண்டியதெல்லாம் வாங்கி முடித்த பிறகு வரும் தைலம் அது. ஏன் வலி போகவில்லை என்று தைலத்தைக் கேட்பானேன்? அடித்த கையை அல்லவா கேட்கவேண்டும்!

அந்தக் கையைப் பிடிக்கும் சட்டங்களும் வந்திருக்கின்றன. நம் கண்ணுக்கு அவையே பெரியவை. அரிசோனாவில் 2022இல், சட்டமன்றத்தை எதிர்பார்க்காமல், மக்களே வாக்களித்து மருத்துவக் கடனின் வட்டி உச்சத்தைப் பத்திலிருந்து மூன்று சதவீதமாக இறக்கினார்கள். நியூயார்க் அதே ஆண்டு, ஆஸ்பத்திரிக் கடனுக்காகக் குடியிருக்கும் வீட்டின்மீது பற்று வைப்பதையும், சம்பளத்தைப் பிடிப்பதையும் தடுத்தது. கொலராடோ 2023இல், கடன் நாணயப் பதிவேட்டில் மருத்துவக் கடனை எழுதவே கூடாது என்றது. நாணயம் என்ற சொல்லைப் பாருங்கள்! சூதாடிக் கெட்டவனும், நெஞ்சுவலியில் விழுந்தவனும் அந்த ஏட்டில் ஒன்று. நெஞ்சுவலி வந்ததால் ஒருவன் நாணயம் கெட்டவனாம்; அவனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காதாம்!

இந்த அநியாயத்தை நாடு முழுவதற்கும் ஒழிக்க, வாஷிங்டனில் உள்ள நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் 2025 ஜனவரியில் விதி செய்தது. ஒன்றரைக் கோடிப் பேர், 4,900 கோடி டாலர் கடன் — ஏட்டிலிருந்து நீங்கியிருக்கும். ஆட்சி மாறியது. வழக்குத் தொடுத்தவர்களும் புதிய நிர்வாகமும் ஒரே குரலில் கேட்க, ஜூலையில் டெக்சாஸ் கோர்ட்டு அந்த விதியை ரத்துச் செய்தது. அதோடு விட்டார்களா? அக்டோபரில் அதே அலுவலகம், மாநிலங்கள் இப்படிச் சட்டம் செய்ய அதிகாரமே இல்லை என்று வியாக்கியானம் எழுதியது. 2022இல் அதிகாரம் உண்டு என்று எழுதியதும் அதே அலுவலகம்தான். எழுத்து மாறாத அதே சட்டத்தைப் பார்த்துத்தான்! தானும் செய்யமாட்டேன், செய்கிறவனையும் விடமாட்டேன் — மத்தியில் இருப்பவர்களுக்கு எந்தக் கண்டத்திலும் இந்தக் குணம் ஒன்றுதான் போலும்.

வட கரோலினாவின் வழி வேறு. கடனை விலை கொடுத்து வாங்கவில்லை அது. ஆஸ்பத்திரிகளின் கழுத்திலே கயிறு போட்டது — பொற்கயிறு! ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் கூடுதல் கட்டணம் வேண்டுமா? பழைய கடனைத் தள்ளு, மூன்று சதவீதத்துக்குமேல் வட்டி கேட்காதே, பதிவேட்டுக்கு அனுப்பாதே, வருமானம் குறைந்தவனுக்குப் பாதிக்குக் குறையாமல் தள்ளுபடி கொடு என்றது. 2024 ஆகஸ்டில் 99 ஆஸ்பத்திரிகளும் கையெழுத்திட்டன, ஒன்றுகூட மிச்சமில்லை! தருமத்துக்கு இளகாத நெஞ்சம் கட்டணத்துக்கு இளகியது. இளகட்டும், நமக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் அது ஒப்பந்தம்; சட்டம் அல்ல. கயிற்றைத் திரித்த பணத்தில் பெரும்பங்கு வாஷிங்டனுடையது. 2025இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம், இத்தகைய கூடுதல் கட்டணங்களை 2028 முதல் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. பணம் குறையும் அன்று ஆஸ்பத்திரிகள் கொடுத்த வாக்கு என்னவாகும்? வாக்கைச் சட்டமாக்க ஒரு மசோதா இல்லாமல் இல்லை. வட்டிக்கும் வசூலுக்கும் வரம்பு கட்டும் மசோதா ஒன்றை 2023இல் அம்மாநில மேலவை நிறைவேற்றி அனுப்பியது. கீழவையில் அது கிடந்து மடிந்தது.