உண்டியலில் விழும் இருபது ரூபாய்

“கோடீஸ்வரர் அள்ளிக் கொடுக்கிறார், கூலிக்காரன் காசு எதற்கு?” ஸ்ரீரங்கப்பட்டணம் கஞ்சாம் பகுதியில் உண்டியலோடு போனபோது ஒரு பெரியவர் நம்மை இப்படித்தான் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. இருபது ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

அவர் சொன்னது பள்ளிக்கூட முட்டையைப் பற்றி. கர்நாடக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள் முட்டை கொடுத்து வந்தது. 2024இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை மீதி நான்கு நாளுக்கும் தானே கொடுப்பதாக ஒப்பந்தம் செய்தது. மூன்று ஆண்டுகளுக்கு 1,500 கோடி ரூபாய்க்கு மேல். பயன்பெறுவோர் சுமார் 55 லட்சம் பிள்ளைகள். நல்ல காரியம். முதலாளி கொடுத்தது என்பதற்காகப் பிள்ளை தின்னும் முட்டையை நாம் பழிக்கப் போவதில்லை.

பெரியவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு, தோழர்களே. நம் இருபது ரூபாயையும் அந்த முட்டைக் கணக்கிலேயே சேர்த்தால் மூன்று முட்டை கூடும், அவ்வளவுதான். கடலில் பெருங்காயம் கரைப்பதற்கு நம்மிடம் கூலி மிச்சமில்லை. ஆனால் ஒன்று கேட்போம்: அந்த முட்டை யாருக்குப் போகிறது? பள்ளிப் பதிவேட்டில் பெயருள்ள பிள்ளைக்கு. செங்கல் சூளைக்கும், வெல்ல ஆலைக்கும், கட்டட வேலைக்கும் தாய் தகப்பனோடு ஊர் ஊராக அலையும் நம் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? மாற்றுச் சான்றிதழ் தருமபுரியில் கிடக்கிறது. பிள்ளை இங்கே கொட்டகையில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறது. கோடி ரூபாய்க்கும் அந்தக் கொட்டகைக்கு வழி தெரியாது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவருக்கு ஒரு நாள் கூலி போகும். பஸ் கட்டணம் ஆகும். சேர்த்த பிள்ளைக்குக் கன்னடம் தெரியாது. மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். இதற்கெல்லாம் தேவைப்படுவது சில நூறு ரூபாய்தான். எந்தப் பெரிய நிதியும் அவ்வளவு சிறிய தொகைக்கு விண்ணப்பம் வாங்குவதில்லை!

நம் மண்ணிலேயே இதற்கு வரலாறு இருக்கிறது. காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது கஜானா நிரம்பி வழியவில்லை. செலவில் 60 சதவீதம் அரசு, 40 சதவீதம் ஊர்மக்கள் என்று பங்கு வகுத்தார்கள். அமெரிக்காவின் ‘கேர்’ நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் கொண்டு வந்தது 1961இல். அதற்குள் ஐந்து வருஷமாக அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பும், அண்டாவும், வரிசையில் உட்காரப் பழகிய பிள்ளைகளும் இல்லாத ஊரில் கப்பல் கப்பலாகப் பால் பவுடர் இறங்கி என்ன செய்யும்? எம்.ஜி.ஆர். 1982இல் கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்துக்கும் முன்னோடி அந்த அடுப்புதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். பெரிய கொடை கொடுப்பவர் விருப்பத்தில் வருகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் தொடர்வதும் நிறுத்துவதும் அவர் கையில். அவரிடம் நாம் கணக்குக் கேட்க முடியாது. நன்றி மட்டும் சொல்லலாம். இருபது ரூபாய் போட்டவரோ அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து, “பஸ் செலவு ஏன் கூடியது?” என்று கேட்கிறார். போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். நம் பொருளாளர் வியர்த்துப்போனார். அவர் வியர்த்தது நல்லதே.

கஞ்சாம் பெரியவர் இதையெல்லாம் நின்று கேட்டார். பிறகு நோட்டை உண்டியலில் போட்டுவிட்டு, ஆற்றோரச் சூளையில் இரண்டு பேத்திகள் பள்ளிக்குப் போகாமல் இருப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை நாம் அங்கே போகிறோம். கன்னடம் நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் நம்முடன் வரட்டும்.