விளக்கு வேடம் பூண்ட பொத்தான்

நாடக மேடையில் அரசன் வேடம் பூண்டவன் அரசனல்லன். ஆயினும் மேடையில் நிற்குமளவும் அரசனுக்குரிய நடையினின்று அவன் வழுவலாகாது. வேடம் பூண்பது எளிது. பூண்ட வேடத்தைக் காப்பது அரிது. மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு கணிப்பொறிச் சில்லைக் கொண்டு இக்காலத்து மாணாக்கர் செய்துவரும் ஒரு சோதனைக்கும் இவ்வுண்மை பொருந்துமென்பது எமது கருத்து.

ஸ்மார்ட் ஹோம் எனப்படும் இல்லங்களில் விளக்கு, விசிறி, மணி முதலியன கம்பியின்றி வானொலி அலைகளால் ஹப் என்னும் நடுக்கருவியோடு பேசுகின்றன. ஒவ்வொரு கருவியும் உள்ளே சேருங்கால், தான் இன்னதென்று தானே அறிவிக்கும். 2004-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ஸிக்பீ முறையில், பதினாறடிமான எண்ணாக விளக்குக்கு 0100 என்றும், சுவிட்சுக்கு 0103 என்றும் அடையாளம் உண்டு. நடுக்கருவி அவ்வறிவிப்பை நம்புமேயன்றி, உள்ளே திறந்து பார்ப்பதில்லை.

இ.எஸ்.பி.32-சி6 போன்ற சிறு பலகையில் ஸிக்பீ வானொலியும், ஒரு சிறு எல்.இ.டி. விளக்கும், அழுத்தத்தக்க பொத்தானும் அமைந்துள்ளன. வீட்டிற் செய்த விளக்கை ஏற்கும் நடுக்கருவி, வீட்டிற் செய்த பொத்தானை ஏற்க மறுப்பதுண்டு. ஆதலின் மாணாக்கர் அப்பலகையை விளக்கென்றே அறிவித்து, பொத்தானை அழுத்தும்போது “எரிகின்றேன்” என்று சொல்லும்படி நிரலெழுதுகின்றனர். “இவ்விளக்கு எரியின் மணியை ஒலிப்பி” என்று நடுக்கருவிக்கு முன்னரே கட்டளையிட்டிருப்பர். பொத்தானை அழுத்த, மணி ஒலிக்கின்றது.

இது பொய்யுரையன்றோ எனச் சிலர் வினவலாம். தம் வீட்டில், தம் கருவிக்குத் தாமே இட்ட வேடத்தால் வஞ்சிக்கப்பட்டவர் ஒருவருமிலர். ஆதலின் யாம் இதனைக் குற்றமென்னோம். முதல் மணி ஒலித்தவுடன் வேலை முடிந்ததென்று களிப்பதே குற்றமென்போம்.

விளக்கிற்கு உரியது நிலை. பொத்தானுக்கு உரியது நிகழ்ச்சி. எரிந்த விளக்கு அணைக்குமளவும் எரியும். அழுத்தமோ கணத்தில் தோன்றிக் கணத்தில் மறையும். இவ்வேற்றுமையை மறந்தால் நேருவது என்ன? நோயுற்ற மூதாட்டியின் படுக்கையருகே இப்பலகை இருப்பதாகக் கொள்வோம். மாலையில் அவர் அழுத்தியபோது மணி ஒலித்தது. போலி விளக்கு எரிந்தபடியே நின்றது. நள்ளிரவில் அவர் மீண்டும் அழுத்துகின்றார். எரியும் விளக்கு எரிகின்றதென்றால் நடுக்கருவிக்கு அதில் புதுமை யாது? மணி ஒலியாது, வீட்டார் உறங்குவர். ஆதலின் ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் விளக்கு தானே அணைந்து, அணைந்ததையும் அறிவித்தல் வேண்டும். மிக விரைந்து அணையின் நடுக்கருவி கவனியாது விடலாம். ஒரு விநாடி எரிவது பெரும்பாலும் போதும்.

இன்னும் சில உள. “எல்லா விளக்குகளும் எரிக” என்று வீட்டார் ஆணையிடின், போலி விளக்கும் எரிந்து, அழுத்துவாரின்றியே மணி ஒலிக்கும். ஆதலின் அதனைப் பிற விளக்குகளின் கூட்டத்திற் சேர்த்தலாகாது. மின்சாரம் நின்று மீளுங்கால் அஃது அணைந்த நிலையிலேயே எழல் வேண்டும். பொத்தானின் உலோக முனைகள் ஓர் அழுத்தத்திற் பலமுறை துள்ளுமாதலால், ஏறக்குறைய 50 மில்லி விநாடி நிலைத்து நின்ற தொடர்பையே அழுத்தமென்று கொள்ளல் தகும்.

நேர்வழி உள்ள இடத்து வேடம் வேண்டா. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த மேட்டர் முறையில், அழுத்தத்தை நிகழ்ச்சியாகவே அறிவிக்கும் சுவிட்சு வகை உண்டு. நடுக்கருவி அதனை ஏற்குமாயின், பொத்தான் பொத்தானென்றே தன்னை அறிவிக்கட்டும்.

பரிசோதனைச் சாலையில் மாணாக்கரை நோக்கி, “மணி ஒலித்ததா?” என்று கேட்பதோடு ஆசிரியர் அமைதல் போதாது. “இரண்டாம் முறை ஒலித்ததா? ஒருவரும் அழுத்தாதபோது ஒலியாதிருந்ததா?” என்றும் கேட்டல் வேண்டும். முதல் வினாவிற்கு விடை சொல்பவன் கைத்திறன் உடையவன். மற்ற இரண்டிற்கும் விடை சொல்ல வல்லவனிடமே ஒரு மூதாட்டியின் இரவை நம்பி ஒப்புவிக்கலாம்.