எண்ணுக்கு ஆங்கிலச் சட்டை எதற்கு?

2024 நவம்பர் இறுதியில் கரையேறிய பெஞ்சல் புயலின் மழை, திசம்பர் முதல் நாள்களில் சேர்வராயன் மலையை உலுக்கியது. சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளில் ஏறும் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்தது. குப்பனூர் வழியாகச் சுற்றிப் போகலாம், அதுவும் மலைவழியே. இத்தகைய நாள்களில் வாழவந்தி, நாகலூர், மாரமங்கலம் போன்ற மலையூர்களைக் கீழுள்ள நாட்டோடு பிணைத்து வைப்பது சாலையன்று, செய்தித்தொடர்பே.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டுள்ளது. இத்தகைய வலையின் ஒவ்வொரு முனையிலும் ஒரு பெட்டி உண்டு. வரும் செய்தியைப் பிரித்து உரிய வாயிலுக்கு அனுப்பும் அதனைச் 'சுவிட்சு' என்கின்றனர். ஈழத் தமிழர் மின்விசைக்கு 'ஆளி' எனும் அருமையான சொல்லைப் பள்ளிப் பாடநூலிலேயே ஆள்கின்றனர்; நாம் இதனை வலையாளி என்போம்.

வலையாளி ஊமையன்று. இழை அறுந்தாலும், பெட்டி நின்று மீண்டும் எழுந்தாலும், எவரும் கேளாமலே மேற்பார்வைக் கணினிக்கு விழிப்புறுத்தம் அனுப்பும். அது எம்மொழியில் அனுப்புகிறது? ஆங்கிலத்தில் என்று எண்ணுவோர்தாம் பலர். அன்று! அது அனுப்புவது எண். 1988-இல் வகுத்த முதல் வரையறையில் 2 என்றால் இணைப்பு அறுந்தது. 3 என்றால் இணைப்பு மீண்டது. அந்த எண்ணின்மேல் 'லிங்க் டவுன்' என்ற சட்டையை மாட்டுவது, செய்தியைப் பெறும் நம் கணினியிலுள்ள பெயர்ப்பட்டியலே. பட்டியலைத் தமிழில் எழுதினால் செய்தி தமிழில் வரும். இதற்கு வெள்ளைக்காரனின் இசைவு வேண்டியதில்லை.

சில பெட்டிகள் எண்ணோடு நில்லாமல் நிகழ்ச்சிக் குறிப்பைச் சொற்றொடராகவும் எழுதுகின்றன. 'அதில் தமிழ் எழுத்து ஏறாதே' என்பார் சிலர். 2009-இல் வகுத்த நெறி, ஒருங்குகுறியில் அமைந்த எம்மொழிச் சொற்றொடரையும் அக்குறிப்பில் ஏற்கிறது. தமிழுக்கு இடம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

'பொறிஞர்க்கு ஆங்கிலம் தெரியுமே, பிறகென்ன?' என்பதே நம்மவர் பெரிதும் நம்பும் மறுப்பு. பொறிஞர் தொலைவில் இருக்கிறார். மழையில் மின்கம்பி அறுந்து, மின்கலமும் தீர்ந்து, பெட்டி நிற்கப் போகிறது என்று கொள்வோம். சில கருவிகள் அணையுமுன் 'இறுதி மூச்சு' என ஒரு குறியை விட்டு ஓயும். அதுவும் இல்லாத பெட்டி சொல்லாமலே ஓய்ந்துவிடும். நொடிக்கணக்கு வைத்து அடிக்கடி 'இருக்கிறாயா?' என்று கேட்கும் மேற்பார்வைக் கணினிதான் அதன் வாளாமையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தபின் யார் போய்ப் பார்ப்பது? அறைச்சாவி வைத்திருக்கும் ஊராட்சிச் செயலர். மின்னிணைப்பு கழன்றதா, இழைமேல் மரம் வீழ்ந்ததா என்று காணக் கூடியவர் அவர் ஒருவரே. அவர் கைப்பேசிக்கு வர வேண்டியது 'மின்னாற்றல் நின்றது. மின்கலத்தில் ஓடுகிறது' என்ற ஒரு வரி. அவ்வரி வரும்போது மின்கலத்தில் எஞ்சியிருக்கும் சிறு பொழுதே மீட்புக்கான பொழுது. அப்பொழுதைச் சொற்பொருள் கேட்டு அலைவதில் கழித்தால், மலையூரில் நோயாளிக்கு ஊர்தி அழைப்பவனுக்கும் சான்றிதழுக்கு நிற்கும் பழங்குடிப் பெண்ணுக்கும் என்ன மறுமொழி சொல்வது?

ஆகவே அரசுப் பணத்தில் மேற்பார்வை மென்பொருள் வாங்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், விழிப்புறுத்தங்கள் தமிழில் வர வேண்டும் என ஒரு விதியைச் சேர்க்க வேண்டும். தொடக்கத்திற்கு நூறு சொற்றொடர்கூட வேண்டா: இணைப்பு அறுந்தது, இணைப்பு மீண்டது, பெட்டி சூடேறியது, விசிறி நின்றது, மின்கலம் தீர்கிறது. பக்கத்திலேயே அந்தப் பழைய எண்ணையும் விட்டுவைக்கட்டும். பொறிஞர்க்கு அது போதும்.