அவசர சிகிச்சைக் குறிப்பும் சிகிச்சையே

அவசர சிகிச்சைப் பிரிவில் எழுத நேரமில்லை என்ற வாதம் இந்திய மருத்துவக் கல்விப் புலத்தில் கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்டது. உயிர் காப்பது மருத்துவம், ஏடு எழுதுவது எழுத்தர் வேலை என்பதே அதன் உட்பொருள். இந்தப் பாகுபாடே பிழையானது.

பாம்புக்கடி இதற்குத் தெளிவான சான்று. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அனுப்பப்படும் நோயாளியின் சீட்டில் கடிபட்ட நேரம், இருபது நிமிட இரத்த உறைதல் சோதனையின் முடிவு, செலுத்திய நச்சுமுறிவு மருந்துக் குப்பிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். "பாம்புக்கடி, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்று மட்டும் இருந்தால், அடுத்த மருத்துவர் இருட்டில் தொடங்குகிறார். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தப்பட வேண்டும். அறிகுறி தோன்றிய நேரம் தெரியாவிட்டால், கையிலிருக்கும் மருந்தும் பயன்படாமல் போகலாம்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பு, அவசர சிகிச்சை பெறும் உரிமையை நிலைநாட்டியதற்காகப் போற்றப்படுகிறது. நோயாளி வந்த நேரம், பரிசோதித்த மருத்துவர், அனுப்பப்பட்ட இடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் தெளிவாக எழுத வேண்டும் என்ற வழிகாட்டுதலும் அதே தீர்ப்பில் உள்ளது. அப்பகுதியை மேற்கோள் காட்டுவோர் அரிது.

விதியிலும் ஓட்டை உண்டு. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், ஆவணங்களை மூன்றாண்டுகள் பாதுகாக்கச் சொல்வது உள்நோயாளிகளுக்கு மட்டுமே. அவசரப் பிரிவில் பார்த்து, படுக்கையில் சேர்க்காமலே வேறிடம் அனுப்பப்படுபவர் இச்சொல்லுக்குள் அடங்குவதில்லை. எவருடைய குறிப்பு மிகவும் தேவையோ, அவரையே விதி கைவிடுகிறது.

மருத்துவர்களின் பணிச்சுமை உண்மையே. ஆனால் அது கூடுதல் பணியாளர்களைக் கோருவதற்கான காரணம்; எழுதாமையை நியாயப்படுத்தும் காரணம் ஆகாது. தேர்வறைக்காகப் பக்கம் பக்கமாக நோய் வரலாறு எழுதப் பழக்கும் கல்லூரிகள், நள்ளிரவில் ஐந்து வரியில் எழுத வேண்டியதைக் கற்பிப்பதில்லை. அந்த ஐந்து வரிகளைப் பாடத்திட்டத்தில் சேர்த்து, தேர்வில் மதிப்பெண்ணும் வழங்காதவரை, புதிய கணினிகள் பழைய வெற்றுச் சீட்டுகளையே திரையில் காட்டிக்கொண்டிருக்கும்.