அம்மாவுக்கு ஓ.சி.டி. இருந்தால் மகளுக்கும் வருமா?

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் கிளம்பும் மகள், ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று நான்காவது முறையாகப் பையைத் திறந்து பார்க்கிறாள். அம்மாவுக்கு அடிவயிறு கலங்குகிறது. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர் அவர். 'என் வியாதியை இவளுக்கும் கொடுத்துவிட்டேனா?'

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ள பல வீடுகளில் எழும் கேள்வி இது.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ ஓ.சி.டி. இருந்தால், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகம். கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால், பொதுவாக நூறு பேரில் ஓரிருவருக்கே இந்த நோய் வருகிறது. அதை நான்கால் பெருக்கினாலும் நூறில் பத்தைத் தொடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வருவதில்லை.

ஒரே மாதிரி மரபணுக்கள் கொண்ட இரட்டையரில்கூட, ஒருவருக்கு மட்டும் ஓ.சி.டி. இருப்பதுண்டு. 2025-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, இந்த நோயுள்ள 50,000-க்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை அலசி, தொடர்புடைய 30 இடங்களைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அதனால்தான், 'இவருக்கு வரும், இவருக்கு வராது' என்று ரத்தப் பரிசோதனையில் சொல்ல முடிவதில்லை. பிள்ளைக்கு வருவது நோய் அல்ல, அதற்கான சாய்வு மட்டுமே.

தேர்வு நாளில் பையை நான்கு முறை பார்ப்பது வெறும் பதற்றமாகவும் இருக்கலாம். இப்படிச் சரிபார்ப்பதிலும் கழுவுவதிலும் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, படிப்பும் தூக்கமும் கெட்டாலோ, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயத்தை எதிர்கொண்டு, சரிபார்க்கும் தூண்டுதலைத் தள்ளிப்போடப் பழக்கும் சிகிச்சை நல்ல பலன் தரும். தேவைப்பட்டால் மாத்திரைகளும் உண்டு.

வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. மகள் கேட்கும்போதெல்லாம் 'இருக்கும்மா, நான் பார்த்துட்டேன்' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தால், அந்த நிமிடம் நிம்மதி கிடைக்கும். அடுத்த நிமிடம் அதே கேள்வி வரும். கோபப்படாமல், அந்தப் பதிலை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது, 'எனக்கும் இது இருக்கிறது' என்பதை அம்மா மறைக்கக் கூடாது. வரன் பார்க்கும்போது தடையாகிவிடுமோ என்று பல குடும்பங்கள் மூடி வைக்கும் தகவல் அது. மகளின் பிரச்னையைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவுவதும் அதுதான்.