ஓராண்டுத் தவணை

2008 நவம்பர் 4 இல் அமெரிக்க மக்கள் பராக் ஒபாமாவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தனர். வங்கிகள் சரிந்து, தொழிலாளர் வீதிக்கு வந்துகொண்டிருந்த வேளை அது. அக்குளிர்காலத்திலேயே, ஆட்டமின்றி ஓய்ந்திருந்த நியூயோர்க் யாங்கீஸ் பேஸ்போல் குழு, மூன்றே வீரர்களுக்கு 42 கோடி டொலருக்கு மேல் ஒப்பந்தம் எழுதிற்று. பணம் பேசும் உலகமல்லவா!

குழுவொன்று வெற்றியை விலைக்கு வாங்கலாம். நாட்டை அவ்வாறு நிமிர்த்த இயலுமா? 2009 பெப்ரவரியில் ஒபாமா 78,700 கோடி டொலர் மீட்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். ஆயினும் ஒக்டோபரில் வேலையின்மை நூற்றுக்கு 10 வீதமாயிற்று. சரிவு அவர் பதவியேற்கு முன்னரே தொடங்கியது என்பது உண்மை. வேலையிழந்தவனுக்கு அவ்வுண்மை சோறு போடாது என்பதும் உண்மையே. அவரை ஓராண்டில் தீர்த்துக் கட்டியோர் அவசரக்காரர். கேள்வியே கேட்கலாகாதென்றோர் துதிபாடிகள்.

யாங்கீஸ் குழுவோ, அவர் தெரிவாகிச் சரியாக ஓராண்டு நிறைந்த 2009 நவம்பர் 4 இல் வாகை சூடியது.