கண்ணாடித் தொட்டியில் ஆரை

மளிகையோடு சேர்த்துக் கண்ணாடித் தொட்டி, கூழாங்கல், மீன் தீனி என்று கடையின் ஒரு மூலையில் வைத்து விற்கும் வணிகர்கள் இன்று சிறு ஊர்களிலும் இருக்கிறார்கள். சென்னை கொளத்தூர் போய் மீனும் செடியும் வாங்கி வருகிறார்கள். மீன் விற்பதில் பெரிய சிக்கல் இல்லை. செடி விற்பதில்தான் மனக்கசப்பு வருகிறது. அது பற்றியே சில வார்த்தைகள்.

வாடிக்கையாளர் செல்போனில் ஒரு படம் காட்டுகிறார். தொட்டியின் முன்பக்கம் முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் செடி. அது பெரும்பாலும் கியூபா தீவைச் சேர்ந்த ஹெமியாந்தஸ். இலை சில மில்லிமீட்டர்தான், தேவையோ அதிகம். பலமான விளக்கு வேண்டும், சிலிண்டர் வைத்துக் கரியமில வாயு செலுத்த வேண்டும். சாதாரணத் தொட்டியில் ஊன்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் பழுத்து, அழுகி, மிதக்கும். கேட்டதைக் கொடுத்தோம், காசை வாங்கினோம் என்று இருப்பது வியாபாரம் ஆகாது என்பது நமது கருத்து. செடி அழுகினால் மனிதர் தொட்டியையே மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவார். பிறகு தீனிக்கும் வரமாட்டார், பருப்புக்கும் வேறு கடை பார்ப்பார்.

இத்தகையவருக்கு ஏற்ற சரக்கு மார்சீலியா. பெயர்தான் புதிது. வயலோரத்தில் நாலு இலையோடு முளைத்து, கீரைக்காரம்மா கூடையில் கட்டுக்கட்டாக வரும் ஆரைக்கீரையும் இந்த இனமே. தொட்டிக்கென்று சிறு கிண்ணத்தில் வருவது பெரும்பாலும் ஆஸ்திரேலிய வகையான ஹிர்சூட்டா. பூக்காத பெரணிச் செடி இது. வாயு இல்லாமலும் பிழைக்கும், நடுத்தர வெளிச்சம் போதும். ஆனால் நிதானமாகத்தான் படரும். கம்பளம் ஆக மாதங்கள் பிடிக்கும்.

இங்கே ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீருக்கு வெளியே வளர்த்த செடியில் நாலு இலை இருக்கும். தொட்டியில் மூழ்கியபின் வரும் புது இலை பெரும்பாலும் ஒற்றை இலையாகவே இருக்கும். "நாலு இலைச் செடி என்று கொடுத்து ஏமாற்றிவிட்டீர்களே" என்று ஒருவர் கடைவாசலில் சத்தம் போட்டால், அப்போது விளக்கம் சொல்லி என்ன பயன்? விற்கும்போதே சொன்னால் அது தகவல். பிறகு சொன்னால் சாக்கு.

கீரைக்கட்டிலிருந்து வேரோடு நாலு கொத்து எடுத்துக் கிண்ணத்தில் வைத்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைப்போரும் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. நம் ஊர் ஆரை காம்பு நீட்டி நீர்மட்டத்துக்கு ஏறி இலை விரிக்கக் கூடியது, முன்வரிசைக்கு ஒத்துவராது. வயலில் அடித்த பூச்சிமருந்து ஒட்டி வந்தால் தொட்டி இறாலும் மீனும் சாகும். அதேபோல், தொட்டிச் செடியைக் கீரையென்று சமைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். மீன் நோய்க்கு ஊற்றும் மருந்துகள் மனிதர் சாப்பிடுவதற்கானவை அல்ல.

கிண்ணத்தோடு ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுக்கலாம். சிறுசிறு துண்டாகப் பிரித்து, இரண்டு மூன்று செ.மீ. இடைவெளியில் மணலில் ஊன்றவும், இலை மாறும், பயப்பட வேண்டாம், பொறுமை தேவை. இவ்வளவு போதும். கூடவே கடையின் பெயரும் இருக்கட்டும்.